வலைக்குச் சாட்சி

கீழ்வீட்டுக்காரர் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று கை கழுவிவிட்டுத் துண்டு கேட்டார். கொடுத்தோம். துடைத்துக்கொள்ளவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு மடக்கு லென்ஸை எடுத்து விரித்துத் துண்டின் மேல் வைத்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசைய, இழைகளை எண்ணினார். கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ணி முடித்ததும் ஒரு நூலை உருவித் தீப்பெட்டி கேட்டார். வாஷ்பேசின் ஓரத்தில் வைத்துக் கொளுத்தினார். கறுப்பாக, கடுகளவு உருண்டை ஒன்று மிஞ்சியது.

"என்ன சொல்லிக் குடுத்தானுங்க?" என்று என் மனைவியிடம் கேட்டார். சுத்தப் பருத்தி என்று சொல்லித்தான் திலக் நகர்க் கடையில் கொடுத்தான் என்றாள் அவள். "சாம்பலாகலை பாருங்க. பாலியெஸ்டர் கலந்திருக்குது" என்று சொல்லிவிட்டுத் தன் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு காபி குடிக்க உட்கார்ந்தார். அவர் போன பிறகு என் மனைவி அந்தத் துண்டைத் தரை துடைக்கப் போட்டுவிட்டாள். கடைக்காரன் மேல் வர வேண்டிய கோபம் முழுக்க இவர் மேல் வந்துவிட்டது.

டில்லி ஜனக்புரியில் அரசாங்கத்து டி.டி.ஏ. கட்டிய நான்கு மாடிக் குடியிருப்பு எங்களுடையது. நாங்கள் இரண்டாவது மாடி, அவர் தரைத்தளம். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர். ராணுவத்துக்கு வாங்கும் கூடாரத் துணி, கொசுவலை, கயிறு, முதுகுப்பை எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து முத்திரை வைக்கிற அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை வருடமும் சந்தேகப்படுவதற்கென்றே அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது. ஓய்வு கொடுத்தபோது அதை நிறுத்தச் சொல்ல மறந்துவிட்டது என்று நான் சொல்வேன். அவரும் சிரிப்பார்.

அடிக்கடி அவர் சொல்வது ஒன்று உண்டு. "மாதிரி எப்பவும் நல்லாத்தான் தம்பி இருக்கும். சரக்கைப் பாக்கோணும்." வியாபாரி முதலில் காட்டுகிற மாதிரித் துணி ஒன்று, பிறகு லாரியில் வந்து இறங்குகிற துணி வேறொன்று என்பது அவருடைய பணிக்கால அனுபவம். இந்த ஒரே அளவுகோலால் உலகம் முழுவதையும் அளந்துவிடுவார். தள்ளுவண்டித் தக்காளிக்காரன் மேலே அடுக்கியிருப்பது மாதிரி, கீழே இருப்பது சரக்கு. கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை மாதிரி, பின்னால் சரக்கு. "பையா, நீச்சே வாலா திகாவ்" என்று, கீழே இருப்பதைக் காட்டச் சொல்லி, அவர் கோபிச் சாய்வில் இந்தி பேசத் தொடங்கினால் வண்டிக்காரன் முகம் சுருங்கிவிடும்.

சரக்கில் சின்னக் குறை இருந்தால், அவசரத்துக்கு அதைக் குறையோடு ஏற்றுக்கொள்ள அவருடைய அலுவலகத்தில் ஒரு வழி இருந்தது. டீவியேஷன் என்று பெயர். அதிகாரி குறையை எழுதி, பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டால் சரக்கு உள்ளே போய்விடும். கூட இருந்தவர்கள் எல்லாரும் போட்டிருக்கிறார்கள். தான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை என்பதில் அவருக்கு இருந்த பெருமை அலாதியானது. அதனால் பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனதாகவும் சொல்வார். அதையும் பெருமையாகத்தான் சொல்வார்.

இப்படிப்பட்டவருக்குக் குடலிறக்கம் வந்தது. வலது தொடை இடுக்குக்கு மேலே எலுமிச்சையளவு வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்து நின்று இருமினால் வெளியே வரும். ஒரு வருடம் யாருக்கும் சொல்லாமல் ஒரு கையை எப்போதும் அங்கே அழுத்தியபடி நடந்தார். பிறகு நான்கு டாக்டர்களிடம் போனார். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லாமல், நால்வரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, நான்கு பதில்களையும் ஒரு நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டார்.

நான்காவது டாக்டரிடம் என்னையும் கூட்டிப்போனார். பொறுமைசாலி மனிதர். வயிற்றில் மூன்று சின்ன ஓட்டை போட்டு, ஒன்றின் வழியாகக் கேமரா விட்டு, பலவீனமான இடத்தை உள்பக்கமாக ஒரு வலை வைத்து மூடிவிடுவோம், மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்று விளக்கினார். வலையைப் பார்க்க வேண்டும் என்றார் இவர். டாக்டர் மேசை இழுப்பறையிலிருந்து உள்ளங்கையளவு வெள்ளைத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். லென்ஸ் வெளியே வந்தது. இழுத்தார், விட்டார், குறுக்கே இழுத்தார், ஓரத்தை நகத்தால் பிரித்துப் பார்த்தார். இது நெசவு கிடையாது, பின்னல், ஓரம் வெட்டினாலும் பிரியாது, நல்ல சரக்கு என்று என்னிடம் தமிழில் சொன்னார். டாக்டருக்கு நான் அதை இந்தியில் சொன்னேன். அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை. "இது மாதிரிதானுங்க. எனக்குள்ள போறது எதுன்னு எப்படித் தெரியும்?" என்று அடுத்த கேள்வி வந்தது. ஆபரேஷன் முழுவதையும் வீடியோ எடுத்துப் பென்டிரைவில் கொடுப்போம் என்றார் டாக்டர். வீடியோவில் முகம் தெரியுமா என்று இவர் கேட்டார். வயிற்றின் உள்பக்கம் மட்டும்தான் தெரியுமாம். அப்படியானால் அது யாருடைய வயிறு என்று எப்படித் தெரியும் என்றார். எக்ஸ்ரேயிலாவது வலை தெரியுமா என்று கேட்டார். அதிலும் தெரியாது. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து நோட்டில் நான்காவது பதிலையும் எழுதிவிட்டு, ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை அவருடைய மனைவி செருப்பில்லாமல் மாடியேறி வந்தார். வீக்கம் உள்ளே போகவில்லை. கீழே ஓடினேன். கட்டிலில் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. அரைமணி நேரம் கழித்து அது தானாக உள்ளே போயிற்று. அடுத்த தடவை குடல் மாட்டிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் போனில் கத்தினார். அன்று மாலை இவர் என்னைக் கூப்பிட்டு, ஆபரேஷன் செய்துகொள்கிறேன், சாட்சிக்கு நீங்கள் வர வேண்டும் என்றார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது. உள்ளே வைக்கப்போகிற பொருளின் பெட்டியை, பிரிப்பதற்கு முன், ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே நிற்கிற சொந்தக்காரரிடம் நர்ஸ் கொண்டுவந்து காட்டுவார். பார்த்தோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு ஆறுதல் தந்த ஒரே விஷயம் இதுதான். மனைவியை ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "எங்கூட்டு அம்மணிக்கு எல்லாரும் நல்லவங்க தம்பி. அவ கண்ணு பாக்காது, கும்பிடும்" என்றார். மகன் கனடாவில் இருந்தான். இங்கே இருந்திருந்தாலும் அவனை நிறுத்தியிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

மூன்று நாள் எனக்குப் பயிற்சி நடந்தது. ஒரு பற்பசைப் பெட்டியை வைத்துக்கொண்டு அவர் நர்ஸாக நின்றார். நான் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். சீல் உடையாமல் இருக்கிறதா, காலாவதித் தேதி தாண்டவில்லையா, பெட்டி மேல் இருக்கிற எண்ணும் ஃபைலில் எழுதியிருக்கிற எண்ணும் ஒன்றா. காலிப் பெட்டியைப் பிறகு கொடுப்பார்கள், அதில் பிரயோசனமில்லை, ஒரே காலிப் பெட்டியை நான்கு பேருக்குக் காட்டலாம் என்றார். பிரிக்காத பெட்டியைப் பார்த்த கண்தான் வேண்டும். ஏற்கெனவே பிரித்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மயக்கத்திலேயே தன்னை வெளியே கொண்டுவந்துவிடட்டும். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று காலை தள்ளுபடுக்கையில் உள்ளே போகும்போது என் மணிக்கட்டைப் பிடித்து, "மூணுங்க தம்பி" என்றார். கதவு மூடியது. அவருடைய மனைவி கீழே பிள்ளையார் படத்துக்கு முன்னால் உட்காரப் போய்விட்டார். நான் கதவருகே ஐம்பது நிமிடம் நின்றேன். ஒழுங்காகத்தான் நின்றேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் ஆசை.

அப்போது என் பேங்கிலிருந்து போன். மறுநாள் ஒருவருக்கு ஓய்வு உபசார விழா. டீயோடு சமோசா வைப்பதா, பனீர் பக்கோடா வைப்பதா என்று கிளையே இரண்டாகப் பிரிந்து நிற்பதாகவும், நான் சொன்னால் முடிந்துவிடும் என்றும் சொன்னார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்திருக்க வேண்டும். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. முகமூடி போட்ட நர்ஸ் ஒரு பெட்டியையும் ஃபைலையும் நீட்டி, "அங்கிள்ஜி, தேக் லீஜியே, யஹாங் ஸைன்" என்று, பார்த்துவிட்டு இங்கே கையெழுத்துப் போடச் சொன்னார். படிக்கிற கண்ணாடி நெற்றி மேல் இருந்தது. இறக்கிக்கொள்ள ஒரு கை வேண்டும். அந்தக் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டார்கள். போட்டேன். கதவு மூடியது. "ரெண்டையும் வைங்க" என்று போனில் சொன்னேன்.

போனை வைத்த பிறகுதான் மூன்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. கதவைத் தட்டினேன். யாரும் திறக்கவில்லை. இரண்டாவது தடவை தட்ட எனக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் அறைக்குக் கொண்டுவந்தார்கள். கண் விழித்ததும் தண்ணீர் கேட்கவில்லை, மனைவியைக் கேட்கவில்லை. "பாத்தீங்ளா?" என்றார்.

"பாத்தேன் சார்."

"சீலு?"

"உடையாம இருந்துச்சு."

தேதி கேட்டார். இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்றேன். எண் கேட்டார். இரண்டும் ஒன்றுதான் என்றேன். எவ்வளவு சரளமாக வருகிறது என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"பெட்டி ஓரத்துல செவப்புக் கோடு ஒண்ணு இருந்திருக்குமே?"

"இருந்துச்சு சார்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மயக்கம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்தேன். "சரிங்" என்று கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் பில்லோடு காலிப் பெட்டியும் ஒரு பையில் வந்தது. எடுத்து நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். லென்ஸை எடுக்கவில்லை. நான் அப்போது சக்கர நாற்காலிக்காரனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

காயம் பத்தே நாளில் ஆறிவிட்டது. ஆனால் அந்த இடத்தில் சுருக்கென்று ஒரு வலி மாதக்கணக்கில் வந்து வந்து போயிற்று. சிலருக்கு அப்படித்தான், நரம்பு சம்பந்தப்பட்டது, போய்விடும் என்றார் டாக்டர். இவர் பார்க்கில் நடக்கும்போது சட்டென்று நின்று இடுப்புக்குக் கீழே கையை வைப்பார். நானும் கூடவே நிற்பேன். காலாவதியான வலையோ, யாருக்கோ பிரித்து மிச்சம் வைத்த வலையோ, உள்ளே என்ன கிடக்கிறதோ என்று என் மனசு ஓடும். கையை எடுத்ததும் என்னைப் பார்ப்பார். "ஒண்ணுமில்லீங்" என்பார். அந்த ஒண்ணுமில்லையில் என்னவோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு வருடம் கழித்து ஒரு மாலை பார்க் பெஞ்சில் உட்கார்ந்து பழைய கதை ஒன்று சொன்னார். பானிபட்டிலிருந்து கம்பளி வந்து இறங்கியது. இறக்கும்போது கூடவே நின்று பார்த்ததாக ஒரு காவலாளி சத்தியம் செய்தான். இவருக்கு நம்பிக்கையில்லை. லாரி மேல் போட்டிருந்த பச்சைத் தார்ப்பாய் நனைந்திருந்ததா என்று கேட்டார். நன்றாக நனைந்திருந்தது சாப் என்றான் அவன். லாரியில் தார்ப்பாயே இல்லை.

"இல்லாததைக் கேக்கோணும் தம்பி. பாத்தவன் இல்லைம்பான். பாக்காதவன் ஆமாம்பான்."

சொல்லிவிட்டு வேர்க்கடலை உரிக்கத் தொடங்கினார். என் பக்கம் திரும்பவில்லை. சிவப்புக் கோடு என்று அவர் கேட்டதும் நான் ஆமாம் என்றதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்து நின்றன.

அந்தப் பெட்டியைப் பார்த்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. ஒரு நாள் அவர் கடைக்குப் போயிருந்த நேரம். மின்சார பில்லை எடுத்துத் தரச் சொல்லி அவர் மனைவி அலமாரி மேல்தட்டைக் காட்டினார். பில்லுக்குப் பக்கத்தில் ஆஸ்பத்திரி ஃபைல், அதற்குள் தட்டையாக மடித்த பெட்டி. வெள்ளை அட்டை, நீல எழுத்து. ஆறு பக்கமும் விரித்துப் பார்த்தேன். சிவப்பு என்பதே எங்கும் இல்லை.

அன்றிலிருந்து நான் நிம்மதியாக இல்லை. தெரிந்துகொண்டே கேட்டாரா? மயக்கத்தில் வேறு ஏதோ பெட்டியை நினைத்துக் கேட்டாரா? கம்பளிக் கதையை எனக்கென்றே சொன்னாரா, எல்லாருக்கும் சொல்வதா? அவர் பேசுகிற ஒவ்வொன்றிலும் கொக்கி இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தொடங்கினேன். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால்கூட என்ன பதில் எதிர்பார்க்கிறார் என்று யோசித்தேன். சந்தேகப்படுவதில் அவரையே மிஞ்சிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊரில் ஒரு கல்யாணத்துக்கு இருவரும் பன்னிரண்டு நாள் போனார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார். அதே வளையத்தில் பீரோச் சாவியும் இருந்தது. இதை ஏன் என்று கேட்டேன். கிடக்கட்டும் என்றார். யாரையும் நம்பாத மனிதர் பீரோச் சாவியைக் கொடுக்கிறார் என்றால் அது பொறிதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். பீரோக் கதவில் நூலோ மயிரோ ஒட்டிவைத்திருப்பார், திறந்தால் அறுந்துவிடும், வந்ததும் பார்ப்பார். மூன்றாவது நாள் டார்ச் அடித்துக்கொண்டு, குனிந்து, கதவிடுக்கை மேலிருந்து கீழ்வரை தேடினேன். ஒன்றுமே இல்லை. அடுத்தவர் வீட்டு பீரோ முன்னால் மண்டியிட்டுக் கிடப்பது உறைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று நானே வற்புறுத்தினேன். "நீங்கதான் இருந்தீங்ளே" என்றார்.

ஆபரேஷனுக்கு ஏழு வருடம் கழித்து வீட்டை விற்றுவிட்டுக் கோபிக்கே கிளம்பினார்கள். சாமான் கட்ட வந்தவர்களின் கயிற்றை லென்ஸ் வைத்துப் பார்த்து, இரண்டு கட்டைத் திருப்பி அனுப்பினார். கடைசி நாள் காலியான அறையில் ஒரு அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இதற்கு மேல் தாங்காது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"சார், அன்னிக்கு அந்தப் பெட்டியை நான் பாக்கலை. போன் பேசிக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டேன். பொய் சொல்லிட்டேன்."

"தெரியுங்" என்றார்.

எப்போதிலிருந்து என்பதையும் அவரே சொன்னார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் ஆமாம் என்ற கணத்திலேயே தெரியும். கோடு இருக்கிறதா இல்லையா என்று அப்போது அவருக்கே தெரியாதாம். மூன்று கேள்விக்கும் நான் யோசிக்காமல் பதில் சொன்னதும்தான் நாலாவதைக் கேட்டாராம். மறுநாள் பெட்டியைப் பார்த்ததும் உறுதியாகிவிட்டதாம்.

"அப்புறம் ஏன் சார் ஒண்ணும் கேக்கலை? பீரோச் சாவிய வேற குடுத்தீங்க."

வேட்டி முனையால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு மடக்கிப் பையில் வைத்தார்.

"உங்களை டீவியேஷன்ல பாஸ் பண்ணிட்டனுங்க தம்பி. குறையை எழுதித்தான் பாஸ் பண்ணினேன். ஆயுசு மொத்தத்துக்கும் அந்த ஒரு கையெழுத்துத்தான்."

அவர் எழுந்து நின்று, வலது இடுப்புக்குக் கீழே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார். "இதுவும் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்குது. எல்லாத்தையும் ரிஜெக்ட் பண்ணிட்டா கெடங்குல என்னுங்க இருக்கும்?"

அவர் இப்போது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்விட்டார். வலை கடைசிவரை ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை என்று அவர் மனைவி போனில் சொன்னார். உள்ளே இருந்தது எந்தப் பெட்டி வலை என்பது யாருக்கும் தெரியாமலேயே போயிற்று.

வருகிற வியாழக்கிழமை எனக்கு அதே ஆபரேஷன், இடது பக்கம். ஆஸ்பத்திரி வேறு, ஆனால் அங்கேயும் பெட்டியைக் கதவுக்கு வெளியே கொண்டுவந்து காட்டுவார்களாம். எனக்கு டாக்டர் மேல் சந்தேகமில்லை, நர்ஸ் மேலும் இல்லை. வெளியே நிற்கப்போகிற ஆளை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. என் மனைவி நிற்கிறாள். சீல், தேதி, எண் என்று மூன்றையும் அவளுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். பற்பசைப் பெட்டியை வைத்துக் காட்டியபோது சிரித்தாள். கண் விழித்ததும் பார்த்தாயா என்று கேட்பேன், பார்த்தேன் என்பாள். சிவப்புக் கோடு இருந்ததா என்று மட்டும் கேட்கமாட்டேன்.